வேன் படுக்கையில் நல்ல உறக்கம்: மெத்தையை மாற்றும் முன் அதன் அடியைப் பாருங்கள்

உத்தமபாளையத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பழைய 12 இருக்கை டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, அதன் பின்பாதியில் இரும்புச் சட்டகத்தின் மேல் 18 மி.மீ. பிளைவுட் அடித்து, 4 அங்குல ஃபோம் மெத்தைக்கு ரெக்சின் உறை போட்டுப் படுக்கையாக்கியிருக்கிறார். மாதத்தில் ஓரிரு முறை மனைவியுடன் குமுளி, வாகமண், மூணாறு என்று போய் இரண்டு மூன்று இரவுகள் வண்டியிலேயே தங்குகிறார். காலையில் இடுப்பு வலிக்கிறது; மலைமேல் தங்கிவிட்டு வந்தால் மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாகிக் கறுப்பாகப் பூசணம் படிகிறது; கீழே கம்பம், சின்னமனூர் பக்கம் நிறுத்தினால் வியர்வையில் தூக்கமே இல்லை; புரண்டு படுத்தால் மேடை கிரீச்சிடுகிறது; முட்டி வலியுள்ள மனைவி இரவில் எழுந்து போக வேண்டுமென்றால் இவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருக்கிறது. எந்த மெத்தை வாங்கினால் இவை தீரும் என்று கேட்கிறார்.

ஐயா, இப்போதைக்கு எந்த மெத்தையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் ஒன்று மட்டுமே மெத்தையைச் சேர்ந்தது. மற்ற நான்கும் மெத்தைக்கு அடியிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. கம்பத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குஷன் வேலையும் வண்டி உள்வேலையும் செய்துவருகிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பின் கிழிந்த இருக்கை முதல் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வேன் வரை கைக்கு வந்திருக்கின்றன. படுக்கையோடு கூடிய வண்டிகள் அண்மைக் காலத்தில்தான் அதிகமாக வருகின்றன; வருபவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போலவே மெத்தையைத்தான் குறை சொல்கிறார்கள். உயர்ந்த விலை மெத்தையை வாங்கி அதே மேடையில் போட்டவர்கள், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதையும் பூசணத்தோடு கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

நம் ஊரின் இருப்பிடத்தை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறிக் குமுளியை அடைந்தால் 900 மீட்டர். மூணாறு 1,500 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே முக்கால் மணி நேரப் பயணத்தில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாத இடத்திலிருந்து கம்பளி கேட்கும் இடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பக்கக் காற்றில் ஈரமும் அதிகம். வெப்பத்துக்கென்று செய்த படுக்கை மேலே நனைகிறது, குளிருக்கென்று அடைத்துச் செய்த வண்டி கீழே புழுங்குகிறது. இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் படுக்கை என்றால் அதன் அடியில் காற்று ஓட வேண்டும். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். மழைநீர் ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரை இணைப்புகளுக்கெல்லாம் சிலிக்கான் பூசச் சொல்பவர்கள் உண்டு. ஒழுக்கு இருந்தால் அடைக்க வேண்டியதுதான்; ஆனால் மெத்தையின் அடியில் மட்டும், அதுவும் உடல் படும் இடத்துக்கு நேர் கீழே ஈரம் இருந்தால் அது மழைநீர் அல்ல, உங்கள் உடலிலிருந்து வந்த நீர். உறங்கும் இருவர் மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவில் ஏறத்தாழ அரை லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி மெத்தைக்குள் இறங்கி, உடலின் சூட்டிலிருந்து விலகி, குளிர்ந்த பலகையைத் தொடும் இடத்தில் நீராகிறது. செம்பில் குளிர்ந்த நீரை ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறதல்லவா, அதே காரியம் இங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அடைத்த பிளைவுட் மேல் அந்த நீர் போக வழியில்லை. ரெக்சின் உறை இன்னும் மோசம்; மேலே வியர்வையை உறிஞ்சாது, கீழே ஈரத்தை விடாது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் சொந்த வண்டியில் பலகை கெட்டுவிடக் கூடாது என்று பிளைவுட்டின் மேல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, அதன் மேல் மெத்தையைப் போட்டேன். மூன்றாவது பயணத்தில் போடிமெட்டில் தங்கிய காலை, ஏதோ ஊறவைத்த துணி வாடை அடிக்கிறதே என்று மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினேன். ரப்பரின் மேல் தோள் கிடந்த இடத்திலும் இடுப்பு கிடந்த இடத்திலும் இரண்டு நீர்த் திட்டுகள், கைவிரலால் வழித்தால் வழியும் அளவுக்கு நின்றன. இடையில் முதுகு கிடந்த இடம் சற்றுக் காய்ந்திருந்தது. உடலின் எடை எங்கே அதிகமாக அழுந்துகிறதோ அங்கே ஃபோம் நசுங்கி மெலிந்து, அடிப்பக்கத்தில் காற்று சிறிதும் இல்லாமல் ஈரம் கட்டி நிற்கிறது. உங்கள் மெத்தையைத் திருப்பிப் பார்த்தால் பூசணப் புள்ளிகளும் ஏறத்தாழ அந்த இடங்களில்தான் இருக்கும்.

நம் பெரியவர்கள் படுத்த கயிற்றுக் கட்டிலில் இந்தச் சிக்கல் கிடையாது, அடியில் முழுவதும் காற்று. அதே எண்ணத்தில் ஸ்கொயர் பைப் சட்டகத்தில் நைலான் நாடா பின்னி வேனுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தனியாகப் படுக்க நாடாக் கட்டில் மிக நல்ல தீர்வு. எடை குறைவு, கோடையில் அதைவிடச் சுகமானது இல்லை. இருவர் ஒரே நாடாப் பின்னலில் படுத்தால் நடுவில் தொய்ந்து ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். இடுப்பு வலி உள்ளவருக்குத் தொய்வு ஆகவே ஆகாது. ஆகவே உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஏற்றது ரீப்பர் எனப்படும் மரப் பட்டிகளை அடித்த தட்டு. இப்போதிருக்கும் பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, அதே சட்டகத்தின் குறுக்கே 70 மி.மீ. அகலமும் 18 மி.மீ. தடிமனும் உள்ள மர ரீப்பர்களை 40 மி.மீ. இடைவெளி விட்டு வரிசையாக வைக்க வேண்டும். ஃபோம் மெத்தைக்கு இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டினால் மெத்தை அந்தச் சந்துகளில் பிதுங்கி நாளடைவில் வரிவரியாகப் பள்ளம் விழும். ஒன்றரை அங்குலத்தில் அந்தக் கவலை இல்லை. இரும்புத் தாங்கிகளுக்கு நடுவே 60 செ.மீ.க்கு மேல் வெற்றிடம் இருந்தால் இடையில் ஒரு தாங்கி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். மரம் எதுவாக இருக்கலாம் என்றால், நன்கு காய்ந்த பைன் போதும். கேரளப் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள், அது மருந்து ஏற்றிய மரம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். மருந்து ஏறாத ரப்பர் மரம் பூசணத்துக்கும் உளுக்கும் மிக எளிதில் இரையாகும், அதை ஈரம் தங்கும் படுக்கைக்கு அடியில் வைப்பது பொருத்தமல்ல. எடையிலும் லாபம் உண்டு. 70 செ.மீ. அகலமும் 185 செ.மீ. நீளமும் உள்ள ஒரு படுக்கைக்கு 18 மி.மீ. பிளைவுட் 15 கிலோவுக்கு மேல் வரும். ரீப்பர் தட்டு 9 கிலோ அளவில் முடியும்.

பிளைவுட்டைக் கழற்ற மனமில்லை என்றால் இடைவழி ஒன்று உண்டு. பலகையில் 50 மி.மீ. ஓட்டைகளை அரை அடிக்கு ஒன்றாகப் போடலாம். ஆனால் ஓட்டை மட்டும் போட்டால் ஓட்டைக்கு நேரே உள்ள இடம் காயும், மற்ற இடம் ஈரமாகவே கிடக்கும். ஓட்டைகளுக்கும் மெத்தைக்கும் நடுவே பக்கவாட்டிலும் காற்று ஓடக்கூடிய ஓர் அடுக்கு தேவை. அதற்கு நம் பக்கத்தில் கிடைப்பதில் சிறந்தது ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னைநார்த் தகடு. பொள்ளாச்சியிலும் ஆலப்புழையிலும் கயிறு, நார்த் தொழில் செழித்திருப்பதால் இந்தத் தகட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஒரு அங்குலத் தகடு போதும். நாருக்கு இடையில் காற்று ஓடும், ஈரம் பட்டாலும் எளிதில் மக்காது. இந்த இடத்தில் கோரைப்பாயை விரிக்கக் கூடாது. பாய் மெத்தையின் மேல் விரிக்கக் கோடையில் அருமையானது, அடியில் போட்டால் ஈரத்தைக் குடித்துக்கொண்டு அதுவே பூசணம் பிடித்துவிடும். ரீப்பர் தட்டு போட்டாலும் மலையில் அடிக்கடி தங்குகிறவர்கள் அதன் மேல் நார்த் தகட்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கட்டிலுக்குக் கீழே சாமான் பெட்டிகளை மேல்வரை நெருக்கி அடைத்தால் இவ்வளவு வேலையும் வீண். ரீப்பருக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு விரற்கடை இடம் இருக்கட்டும்; பக்கப் பலகையிலும் காற்று புகத் துளைகளுள்ள ஜாலி விடுங்கள்.

கிரீச்சொலிக்கு மருந்து மிக எளியது. மரம் இரும்பில் உராயும் இடத்திலும் இரும்பு இரும்பில் உராயும் இடத்திலும்தான் சத்தம் வருகிறது. பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் நறுக்கி, இரும்புச் சட்டத்தின் மேல் நாடாவாக ஒட்டி, அதன் மேல் ரீப்பரை வைத்துத் திருகுங்கள். போல்ட்டுகளுக்குச் சாதாரண நட் போடாமல், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடச் சொல்லுங்கள். மலைச்சாலையின் அதிர்வில் சாதாரண நட் பத்து வளைவுக்குள் தளரத் தொடங்கிவிடும். பற்றவைத்து நிரந்தரமாக்கிவிடலாம் என்று பட்டறையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போல்ட்டில் இருந்தால்தான் கழற்றிக் கழுவவும் நகர்த்தவும் முடியும்.

இனி மெத்தைக்கு வருகிறேன். ஃபோமில் அடர்த்தி வேறு, இறுக்கம் வேறு. கடையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வார்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று பொருள். அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைச் சொல்லுமே தவிர, படுத்தால் கடினமாக இருக்குமா மென்மையாக இருக்குமா என்பதைச் சொல்லாது. உங்களுடையதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மெத்தையின் மேல் மண்டியிட்டு ஒரே முட்டியில் எடையை ஏற்றுங்கள். அடிப்பலகை முட்டியில் தட்டுப்பட்டால் அந்த ஃபோம் உங்கள் இடுப்பையும் தாங்கவில்லை என்று அறியலாம். பக்கவாட்டில் படுக்கும்போது உடல் எடை தோளிலும் இடுப்பெலும்பிலும் குவிகிறது. அந்த இரண்டு இடங்களும் பலகை வரை இறங்கி, இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே உள்ள பகுதி தொங்கலில் நிற்பதால்தான் காலையில் வலி.

நான் பரிந்துரைப்பது இரண்டடுக்கு: கீழே 3 அங்குலம் 40 டென்சிட்டி இறுக்கமான ஃபோம், மேலே 2 அங்குலம் இயற்கை ரப்பர் லேட்டக்ஸ். கீழடுக்கு தாங்கும், மேலடுக்கு தோளுக்கும் இடுப்புக்கும் இடம் கொடுக்கும். லேட்டக்ஸில் ஊசித்துளைகள் இருப்பதால் காற்றோட்டமும் உண்டு. எடை ஃபோமைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால்தான் முழு மெத்தையையும் லேட்டக்ஸில் செய்யச் சொல்லவில்லை. லேட்டக்ஸை வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். வெயில் பட்டால் மேற்பரப்பு பொடிந்து உதிரும், நிழலில் காற்றாட நிறுத்தி வைத்தால் போதும். மெமரி ஃபோம் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெப்பநிலைக்கு ஏற்ப இளகவும் இறுகவும் செய்யும் பொருள். மூணாற்றின் மார்கழிக் குளிரில் முதல் அரை மணி நேரம் பலகை போலக் கிடக்கும், சித்திரையில் கம்பத்தில் உடலைச் சூடாகக் கவ்விக்கொள்ளும். நம் எல்லைப் பகுதிப் பயணத்துக்கு அது ஒத்துவராது. இலவம்பஞ்சைப் பற்றியும் ஒரு சொல். போடியைச் சுற்றி விளையும் இலவம்பஞ்சு மெழுகுத் தன்மை உடையது, எளிதில் நீரை ஏற்காது, தலையணைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் வண்டி அதிர்வில் மெத்தைக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டி கட்டும். எளிதில் தீப்பற்றவும் செய்யும் என்பதால் அடுப்பும் படுக்கையும் அருகருகே உள்ள வண்டியில் முழு மெத்தைக்கு அதை நான் போடுவதில்லை.

மெத்தையைத் துண்டு துண்டாக வெட்டி, பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் பயன்படுத்தும் வண்டிகளில் இணைப்பு எங்கே விழுகிறது என்பதைத் தைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இடுப்புக்கு நேர் கீழே இணைப்பு வந்தால் எவ்வளவு நல்ல ஃபோமும் பயனில்லை. படுத்துப் பார்த்துச் சாக்பீஸால் குறி போட்டு, இணைப்பைத் தொடைக்கு நடுவே விழும்படி தள்ளிக்கொள்ளுங்கள். உறையின் மேற்பக்கம் கெட்டியான பருத்தி டிரில் துணி, அடிப்பக்கம் காற்று புகும் வலைத்துணி, மூன்று பக்கமும் ஜிப். ரெக்சின் வேண்டாம். துடைத்தால் போய்விடும் என்பது அதன் ஒரே வசதி. அது பேருந்து இருக்கைக்குப் பொருந்தும், எட்டு மணி நேரம் தோல் படிந்து கிடக்கும் படுக்கைக்குப் பொருந்தாது.

உங்கள் வீட்டு அம்மாவின் முட்டி வலியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் நான் வேலையை அங்கிருந்துதான் தொடங்குவேன். இப்போதிருக்கும் ஒற்றை மேடையை இரண்டு தனிப் படுக்கைகளாக்கி, நடுவே ஒன்றரை அடி நடைபாதை விடுங்கள். வண்டியின் நீளவாக்கில் இருபுறமும் ஒவ்வொன்று, தலை பின்கதவுப் பக்கமோ ஓட்டுநர் பக்கமோ ஏற்றபடி. உங்கள் உயரத்தோடு அரை அடி கூட்டினால் படுக்கையின் நீளம் கிடைக்கும். அகலம் 70 செ.மீ.க்குக் குறையக் கூடாது, ஆனால் அதைத் தரையில் அளந்து முடிவு செய்யாதீர்கள். வேனின் பக்கச் சுவர் மேலே போகப் போக உட்பக்கம் வளைவதால், படுத்திருக்கும்போது தோள் வரும் உயரத்தில் அளக்க வேண்டும். மெத்தையோடு சேர்த்துப் படுக்கையின் உயரம் 45 செ.மீ. அளவில் இருந்தால், உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையில் முழுக்க ஊன்றி எழ முடியும். மேடையை உயர்த்திக் கீழே சாமான் அடுக்கும் ஆசையில் பலர் இரண்டரை அடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். முட்டி வலி உள்ளவருக்கு ஒவ்வொரு இரவும் அது ஒரு தண்டனை. நடைபாதை ஓரத்தில், எழும்போது கை தேடும் இடத்தில், கூரையைத் தாங்கும் இரும்பு விலாவில் உறுதியாகப் பூட்டிய கைப்பிடி ஒன்று; தரையில் கண்ணைக் கூசாத சிறு மஞ்சள் விளக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நாள் வேலைதான்.

நீளவாக்கில் படுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மலையில் சமதரை கிடைப்பது அரிது. தலைப்பக்கம் சற்று உயர்ந்தால் உறக்கம் வரும், பக்கவாட்டில் சாய்ந்தால் இரவெல்லாம் உடல் தன்னையே பிடித்துக்கொண்டு கிடக்கும், தலை தாழ்ந்தால் தலைவலியோடு எழ வேண்டியிருக்கும். ஒரு ரசமட்டத்தை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் கட்டிலின் குறுக்கே ஒரு முறை, நீளவாக்கில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மூன்றரை மீட்டர் உள்ள வண்டியில் 2 டிகிரி சரிவு என்பது 12 செ.மீ. உயர வேறுபாடு. சரிவாகச் செதுக்கிய மரக்கட்டை இரண்டைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஏற்றினால் மட்டம் வரும். ஏற்றிய பின் கை பிரேக்கை இழுத்து, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்காமல் ஒருபோதும் படுக்காதீர்கள்.

கீழ்நாட்டுப் புழுக்கத்துக்குக் கூரைதான் முதற்காரணம். பகலெல்லாம் காய்ந்த தகடு மாலை முழுவதும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். உட்புற ரெக்சின் கூரையைக் கழற்றி, தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டும், ஈரம் ஊடுருவாத மூடிய துளை ஃபோம் தகட்டை 10 முதல் 12 மி.மீ. தடிமனில் ஒட்டுங்கள், கூரையின் குறுக்கு விலாக்களையும் விடாமல் மூடுங்கள், ஏனென்றால் மலையில் இரவில் நீர் துளிர்த்து முகத்தில் சொட்டுவது மூடாமல் விட்ட அந்த விலாக்களிலிருந்துதான். கண்ணாடி நார்ப் பஞ்சு ஈரத்தைத் தேக்கிக்கொண்டு சரியும். தெர்மோகோல் அதிர்வில் உராய்ந்து உதிரும். காற்றுக்கு, நிழல் பக்கத்து ஜன்னலைத் தாழ்வாகத் திறந்து வலை போட்டு, கூரையில் 12 வோல்ட் வெளியேற்றும் விசிறி ஒன்றை வையுங்கள். 25 வாட் விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 17 ஆம்பியர் மணி அளவுக்குத்தான் செலவு. 100 ஆம்பியர் மணி பேட்டரி தாராளமாகத் தாங்கும். திரவ பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் அதன் பெட்டிக்கு வெளிப்புறம் திறக்கும் குழாய் கட்டாயம் வேண்டும், சார்ஜ் ஏறும்போது அது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை விடும். ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் கணவாய் வழியே வீசும் காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; அப்போது வண்டியின் முன்பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் கொடுத்து நிறுத்தினால் ஆட்டம் குறையும்.

மேலே குளிரில் எல்லா ஜன்னல்களையும் அடைத்துக்கொள்வதே ஈரத்தைப் பெருக்குகிறது. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை விரற்கடை அளவுக்குத் திறந்து வையுங்கள்; மேலே மழைத் தடுப்பு வைசர் இருந்தால் சாரல் வராது. குளிருக்கு இன்னொரு போர்வை சேர்த்துக்கொள்ளலாம், அடைத்த காற்றுக்கு மாற்று இல்லை. படுக்கும் முன் உள்ளே சமைக்காதீர்கள்: 100 கிராம் சமையல் வாயு எரிந்தால் ஏறத்தாழ 150 மி.லி. நீராவி உண்டாகிறது, கொதிக்கும் குழம்பின் ஆவி வேறு.

அடுத்த விஷயத்தை வசதியைப் பற்றிய பேச்சு என்று எண்ணி யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த காரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள்; ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, உறங்குகிறவரை எழுப்பாது. ஆகவே ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பது, வண்டித் தரைக்கு அடியில் ஜெனரேட்டரை ஓட்டுவது, குளிருக்குக் கரிக் கணப்பை உள்ளே வைப்பது மூன்றும் கூடாது. ரீப்பர் வேலைக்காகப் பலகையைக் கழற்றும்போது வண்டித் தரையில் பழைய இருக்கை போல்ட் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பார்த்து ஒவ்வொன்றையும் அடைத்துவிடுங்கள். தலைமாட்டுக்குச் சற்று மேலே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்றும் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் அவசரக் கதவை எந்தப் படுக்கையும் மறைக்கக் கூடாது. உள்ளிருந்து அது திறக்கிறதா என்பதை இருட்டில் ஒரு முறை திறந்து பாருங்கள். ஓடும் வண்டியில் யாரும் படுக்க வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இருக்கைகளைக் கழற்றியிருக்கிறீர்கள் என்றால் அது பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்ற பின் வேலையைத் தொடங்குங்கள். கேரளத்தில் 2021-இல் காரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வந்து, வாகமணில் காரவன் பூங்காவும் திறந்திருக்கிறார்கள். முறையாகப் பதிந்த வண்டியென்றால் அப்படிப்பட்ட இடத்தில் மின்சாரமும் சமதரையும் கேட்டுத் தங்கலாம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கேட்பீர்கள். முதலில் ரீப்பர் தட்டையும் இரண்டு படுக்கைப் பிரிப்பையும் முடித்துவிட்டு, பூசணம் பிடித்த ஃபோமை எறிந்துவிட்டு, வீட்டிலிருக்கும் சாதாரண மெத்தை இரண்டைப் போட்டு வாசலிலேயே ஓர் இரவும், குமுளியில் ஓர் இரவும் படுத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கி ரீப்பரின் மேல் உள்ளங்கையை வையுங்கள். உலர்ந்திருந்தால் ஃபோமும் லேட்டக்ஸும் வாங்கலாம், சில்லென்று ஈரம் ஒட்டினால் நார்த் தகட்டைச் சேர்த்து இன்னொரு முறை பாருங்கள். அம்மாவையும் நான்கைந்து முறை படுத்து எழச் சொல்லி, உயரத்தை ஒரு விரற்கடை கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை போல்ட்டுகளை முழுவதுமாக இறுக்க வேண்டாம்.